குடும்பப் படத்தில் ஜிம்மிக்கும் ஓர் இடம்

வாசகர் கேள்வி: நாங்கள் பரந்தனுக்கு அருகில் வசிக்கிறோம். கனடாவில் இருக்கும் அண்ணா 10 வருடங்களுக்குப் பிறகு, வரும் ஓகஸ்ட் மாதம் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறார். அம்மாவுக்கு 76 வயதாகிவிட்டது. எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல குடும்பப் படம் எடுத்துவைக்க விரும்புகிறோம். எங்கள் வீட்டு நாய் ஜிம்மியும் அதில் நிற்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அது 8 வயதான கறுப்பு ஊர் நாய். புதியவர்களைக் கண்டால் குரைக்கும், வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிடும். நாங்கள் பேசிய படப்பிடிப்பாளர், நாய் சரிவராது என்கிறார். குடும்பப் படத்தில் நாய் எதற்கு என்று பெரியம்மா கோபிக்கிறார். அண்ணாவின் பிள்ளைகளோ இரணைமடுக் குளக்கட்டில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

அன்புள்ள சகோதரிக்கு,

ஜிம்மியைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனாலும் உங்கள் படப்பிடிப்பாளர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கலியாண மண்டபத்தில் குழுப்படம் எடுப்பதைப்போல ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தி, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கதிரைகளை மாற்றிப் போட்டு அரை மணித்தியாலத்தைக் கழித்தால் எந்த நாயும் அந்த இடத்தில் இருக்கப்போவதில்லை. வீட்டில் வளர்ந்த ஒரு நாய் பலருக்கு நடுவில் முகம் தெரிய அமைதியாக இருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்கள் வரும்போது கமராவின் விசையை அழுத்துவதைத் தவிர வேறு எந்த வேலையும் மீதமாக இருக்கக்கூடாது. நான் இங்கே சொல்லப்போகும் ஆலோசனைகள் எல்லாம் இந்த ஒன்றையே நோக்கியவை.

முதலில் பெரியம்மாவின் கோபத்தைப் பார்ப்போம், ஏனென்றால் படம் எடுக்கும் நாளில் முகம் சுளித்துக்கொண்டு நிற்கும் ஒருவரை எந்த வெளிச்சத்தாலும் சரிசெய்ய முடியாது. நாய்மேல் முட்டினால் உடுப்பு அழுக்காகிவிடும், கோயிலுக்குப் போய்வந்த உடம்போடு நாயைத் தொடக்கூடாது என்று எண்ணுகிற பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கத்தான் செய்கிறார்கள். அவரோடு வாதாட வேண்டாம். ஜிம்மியோடு ஒரு படமும் ஜிம்மி இல்லாமல் ஒரு படமும் எடுக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதற்படத்திலும் அவரை நாய்க்கு மறுகரையில், வரிசையின் மற்ற அந்தத்தில் நிறுத்தலாம். அப்படியும் மனம் இளகாவிட்டால், அவர் கும்பிடுகிற வைரவருக்கு வாகனமே நாய்தான் என்பதை அம்மாவின் வாயால் சொல்லவையுங்கள். நீங்கள் சொன்னால் எதிர்க்கதை என்று எடுத்துக்கொள்வார், தங்கை சொன்னால் சிரித்துவிடுவார்.

இதை நான் ஏன் இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறேன் என்றால், 2009ஆம் ஆண்டுக்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் வன்னியில் ஏராளம். அடையாள அட்டையில் இருக்கும் சிறு படத்தையோ, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் போனில் அனுப்பிய மங்கிய பிரதியையோ கொண்டுவந்து பெரிதாக்கித் தரும்படி கேட்பவர்களை எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். அந்தப் பழைய படங்களைத் திரையில் பெரிதாக்கும்போது அவர்கள் விரல் வைத்துக் காட்டுவது முகங்களை மட்டுமல்ல. ஓரத்தில் தெரியும் சைக்கிளையும், பின்னால் நிற்கும் பலாமரத்தையும், காலடியில் பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கும் நாயையும் காட்டி, அதன் பெயரைச் சொல்லி, இடம்பெயரும்போது அதைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்துவிட்டு வந்த கதையையும் சொல்வார்கள். ஆகவே அம்மாவின் ஆசையைச் சின்ன விடயமாக எடுக்காதீர்கள்.

அடுத்தது இடம். இரணைமடுக் குளக்கட்டு அழகான இடம்தான். ஆனால் ஜிம்மிக்கு அது அந்நியமான இடம், மாலையில் ஆட்கள் கூடுகிற இடம், வேறு நாய்களின் எல்லையும்கூட. ஒரு நாயைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோனால் அது முதலில் செய்யும் வேலை நிலத்தை மணந்து பார்ப்பதுதான். அந்த வேலை முடியும்வரை தலை நிமிராது. வன்னிக் குளங்களில் முதலை உண்டு என்பதையும் நீங்கள் அறிவீர்கள், தண்ணீர் ஓரத்தில் நாயைக் கழற்றிவிடுவது நல்லதல்ல. காட்டோரமாகப் பின்னணி தேடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்த பக்கங்களில், பழகிய பாதையை விட்டு நாய் பற்றைக்குள் ஓடினால் பிள்ளைகள் அதன் பின்னால் ஓடுவார்கள். இப்படியான யோசனைகள் ஒன்றும் தேவைப்படாத இடம் உங்கள் வீட்டு முற்றம். பிள்ளைகளின் குளக்கட்டு ஆசையை அன்று மாலையில், ஜிம்மி இல்லாமல், அவர்களுக்கென்று தனியாக நிறைவேற்றிக்கொள்ளலாம். ட்ரோன் பறக்கவிட வேண்டும் என்று கேட்டால் அதையும் அப்போதே வைத்துக்கொள்ளுங்கள். வெடிச் சத்தத்துக்குக் கட்டிலின் கீழே போகிற நாயின் தலைக்கு மேல் ட்ரோனைக் கொண்டுவந்தால் அன்றைய படப்பிடிப்பு அதோடு முடிந்துவிடும்.

ஓகஸ்டில் வெயிலும் சோளகக் காற்றும் கடுமையாக இருக்கும். ஆகையால் காலை நேரத்தையே தெரிவுசெய்யுங்கள். ஆறு மணியளவில் சூரியன் உதிக்கும். ஆறரைக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட நேரம் எல்லா வகையிலும் பொருத்தமானது. மாலை வெளிச்சமும் இதேயளவு மென்மையானதுதான், ஆனால் நாள் முழுவதும் காய்ந்த நிலத்தின் சூடு மாலையிலும் ஆறியிருக்காது. நாய் மனிதரைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். எனவே சூடான தரையில் நிற்கும் நாய் நாக்கை ஒரு பக்கம் தொங்கவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டே படத்தில் தெரியும். புறங்கையைச் சில விநாடிகள் சீமெந்துத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். அதிகாலையில் எல்லோரையும் எழுப்பி ஆயத்தப்படுத்துவது எப்படி என்று யோசிக்க வேண்டாம். கனடாவிலிருந்து வருபவர்கள் முதல் வாரத்தில் நாங்கள் எழும்புவதற்கு முன்பே எழும்பித் தேநீர் கேட்பார்கள்.

முற்றத்தில் எந்தப் பக்கம் என்பதையும் முதல் நாளே பார்த்துவையுங்கள். வேப்பமரத்துக்குக் கீழே அல்லது மாமரத்துக்குக் கீழே என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் இலைகளுக்கிடையால் விழும் வெயில் முகங்களில் பொட்டுப் பொட்டாக விழுந்து படத்தைக் கெடுத்துவிடும். காலையில் வீட்டின் மேற்குப் பக்கம் முழு நிழலாக இருக்கும். அந்த நிழலுக்குள், திறந்த வானத்தைப் பார்த்தபடி எல்லோரும் இருந்தால் வெளிச்சம் சமமாக விழும், கண்களிலும் ஒளிப்புள்ளி தெரியும்.

இந்த ஒளிப்புள்ளி ஜிம்மிக்கு மற்ற எல்லோரையும்விட அவசியம். கறுப்பு நாயைப் படம் பிடிப்பதில் உள்ள சிக்கல் இதுதான்: கண்ணும் கறுப்பு, முகமும் கறுப்பு, உரோமமும் கறுப்பு. வெளிச்சம் சரியாக அமையாவிட்டால் படத்தின் நடுவில் வடிவமில்லாத ஒரு கரும் திட்டு மட்டுமே மிஞ்சும். கமராவின் தானியங்கி அளவீடு தான் காணும் காட்சியைச் சராசரியான நடுச்சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஆண்கள் எல்லோரும் பளீரென்ற வெள்ளை வேட்டி சட்டையில் நின்றால் அது அந்த வெள்ளைக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்துவிடும். நம்முடைய முகங்களும் ஜிம்மியும் இருளுக்குள் போய்விடுவார்கள். எனவே வேட்டி என்றால் பட்டு வேட்டியின் மங்கல் நிறத்தையோ, சட்டை என்றால் இளநீலம், சந்தன நிறம் போன்றவற்றையோ தெரிவுசெய்யுங்கள். அம்மா கடும் நீலம், கறுப்பு, கத்தரிப்பூ நிறச் சேலைகளைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் ஜிம்மி இருக்கப்போவது அந்தச் சேலைக்குப் பக்கத்தில்தான். வெளிர் மஞ்சள் நிறப் பருத்திச் சேலைக்கு முன்னால் அதன் காதும் மூக்கும் வெட்டி எடுத்ததைப்போலத் தெளிவாகத் தெரியும்.

இன்னொரு சிறு உபாயமும் உண்டு. நாய் பெரும்பாலும் தலையைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்திருப்பதால் மேலிருந்து வரும் வெளிச்சம் அதன் முகத்தில் சரியாக விழாது. படத்தின் எல்லைக்குச் சற்று வெளியே, ஜிம்மிக்கு முன்னால் நிலத்தில் ஒரு வெள்ளை ரெஜிபோம் தட்டையோ நான்காக மடித்த வெள்ளை வேட்டியையோ விரித்துவைத்தால், அதில் பட்டு மேலெழும் வெளிச்சம் தாடையின் கீழும் கண்ணிலும் விழும். நெஞ்சுப் பக்கத்து உரோமம் மயிர் மயிராகப் பிரிந்து தெரிவதை அப்போது கமராத் திரையிலேயே காணலாம். பிளாஷைக் கமராவின் மேலேயே பொருத்தி நேராக அடிக்க வேண்டாம் என்று படப்பிடிப்பாளரிடம் சொல்லுங்கள். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. இரவில் வாகன வெளிச்சத்தில் அதன் கண் பச்சையாக மின்னுவது அதனால்தான். நேராக அடிக்கும் பிளாஷிலும் அதுவே நடக்கும்.

இனிப் படப்பிடிப்பு நாளின் ஒழுங்கு. படப்பிடிப்பாளரை முடிந்தால் முதல் நாள் மாலையில் ஒருமுறை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், முடியாவிட்டால் அன்று அரை மணித்தியாலம் முந்தி வரட்டும். வந்தவர் கமராவை எடுக்காமல், ஜிம்மியைக் கூப்பிடாமல், அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல் விறாந்தையில் இருந்து தேநீர் குடிக்க வேண்டும். குரைத்து ஓய்ந்த நாய் தானாகவே வந்து அவருடைய காலையும் பையையும் மணந்து பார்க்கும். அப்போது ஒரு பிஸ்கட் துண்டைக் கையால் நீட்டாமல் நிலத்தில் போடலாம். பிறகு கமராவையும் பக்கத்தில் வைத்து மணக்கவிடலாம். பெரிய லென்ஸ் நேராகத் திரும்பும்போது சில நாய்கள் அதைத் தம்மை முறைக்கும் ஒரு கண்ணாக எடுத்துக்கொண்டு விலகிப்போகும். முன்பே மணந்து பார்த்த பொருளுக்கு அவ்வளவு பயம் இராது. இப்போதைய மிரர்லெஸ் கமராக்களில் சத்தமே இல்லாமல் படம் எடுக்கும் வசதியும், மிருகங்களின் கண்ணைத் தேடிக் குவியப்படுத்தும் வசதியும் இருக்கின்றன. உங்கள் படப்பிடிப்பாளரின் கமராவில் அவை இருக்கின்றனவா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் கறுப்பு முகத்தில் அந்தக் கண் தேடும் வசதி சில வேளைகளில் தடுமாறும் என்பதால் முழுவதுமாக அதை நம்பியிருக்க முடியாது.

ஜிம்மியை முதல் நாளே குளிப்பாட்டி, உண்ணி இருந்தால் எடுத்துவிடுங்கள். அன்று காலையில் கண்ணோரத்தையும் மூக்கையும் ஈரத் துணியால் துடைத்தால் போதும். தொப்பி, கண்ணாடி, சட்டை ஒன்றும் வேண்டாம். பழகிய கழுத்துப் பட்டியே அழகு. காலைச் சாப்பாட்டைப் படம் எடுத்து முடிந்தபிறகு கொடுங்கள். அவித்த கோழி ஈரலைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி ஒரு டப்பாவில் வைத்திருங்கள்.

பிறகு ஜிம்மியை வீட்டுக்குள்ளேயோ பின்பக்கத்திலேயோ அதற்குப் பழகிய ஒருவரோடு விட்டுவிட்டு, மற்ற எல்லோரையும் முற்றத்தில் ஒழுங்குபடுத்துங்கள். அம்மா நடுக் கதிரையில், அவருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் பிள்ளைகள், பின்வரிசையில் மற்றவர்கள். ஜிம்மி இருக்க வேண்டிய இடத்தில், அதாவது அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புப் பள்ளிக்கூடப் பையை வைத்துச் சோதனைப் படங்களை எடுக்கச் சொல்லுங்கள். வெளிச்சம், குவியம், யார் யாரை மறைக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பையை வைத்தே தீர்ந்துவிட வேண்டும். கதிரைக்கு முன்னால் இல்லாமல் பக்கத்தில் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு: நாய் முன்னால் தள்ளி இருந்தால் முகங்கள் தெளிவாக இருக்கும்போது அது மங்கிவிடும், கமராவுக்குக் கிட்டவாக இருப்பதால் உருவிலும் பெருத்துத் தெரியும். அதன் முகமும் அம்மாவின் முகமும் கமராவிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருந்தால், லென்ஸின் துளையை எப் 8 அளவில் வைக்கும்போது இரண்டு வரிசையும் தெளிவாகவே விழும். படப்பிடிப்பாளர் நின்றுகொண்டு எடுக்காமல் முழந்தாளிட்டு அல்லது நிலத்தில் இருந்து எடுக்க வேண்டும். ஷட்டர் வேகம் 1/500 விநாடிக்குக் குறையாமல் இருக்கட்டும், ஏனென்றால் ஆட்கள் அசையாமல் நின்றாலும் வால் நிற்காது.

எல்லாம் ஆயத்தமானபிறகு பையை எடுத்துவிட்டு ஜிம்மியைக் கொண்டுவாருங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலான குடும்பப் படங்கள் கெட்டுப்போகின்றன. நாய் வந்து இருந்ததும் படத்தில் நிற்கும் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் குனிந்து, "ஜிம்மி, அங்க பார், அங்க பார்" என்று கூப்பிடத் தொடங்குவார்கள். தன் பெயரைக் கேட்ட நாய், கூப்பிட்டவரைத்தான் பார்க்கும், கமராவைப் பார்க்காது. எடுத்த படத்தில் ஒருவருடைய முகமும் நேராக இராது, எல்லோருடைய வாயும் திறந்திருக்கும், நாய் தலையைப் பின்னால் திருப்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே படத்தில் இருப்பவர்கள் வாய் திறக்கக்கூடாது, கீழே பார்க்கவும் கூடாது. நாய் எழும்பிப் போனாலும் கமராவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கூப்பிடும் உரிமை ஒருவருக்கு மட்டும்தான். ஜிம்மிக்கு நன்கு பழகிய பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று ஈரல் டப்பாவோடு படப்பிடிப்பாளரின் தோளுக்குப் பின்னால் நிற்கட்டும். ஈரல் துண்டை லென்ஸுக்குச் சற்று மேலே பிடித்தால் போதும். அதற்கும் திரும்பாவிட்டால் பீப்பீச் சத்தமிடும் பொம்மையை ஒருமுறை அமுக்கலாம். காது நிமிரும், வாய் மூடும், கண் விரியும். அந்தக் கணத்தில் தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து படங்களை எடுத்துவிட வேண்டும். அந்தச் சத்தம் இரண்டு மூன்று முறைக்குமேல் வேலை செய்யாது, எனவே முதலிலேயே அதைச் செலவழிக்காதீர்கள். பந்தைக் காட்டுவதென்றால் நீலமோ மஞ்சளோ நல்லது. நாயின் கண் சிவப்பையும் பச்சையையும் நம்மைப்போலப் பிரித்துக் காண்பதில்லை, புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்து அதற்கு எடுப்பாகத் தெரியாது.

அண்ணாவின் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுக்கு ஜிம்மி போனில் பார்த்துப் பழகிய நாய். ஜிம்மிக்கு அவர்கள் புதியவர்கள். வந்து சேர்ந்த மறுநாளே படப்பிடிப்பை வைக்காமல் சில நாள் போகவிடுங்கள், அதற்குள் அவர்கள் கையாலேயே சாப்பாடு வைத்துப் பழகட்டும். கழுத்தைக் கட்டிப்பிடித்து எடுக்கும் படம் நமக்கு அன்பாகத் தெரிந்தாலும் பல நாய்களுக்கு அது இறுக்கிப் பிடிப்பதாகவே இருக்கும். பக்கத்தில் இருந்து முதுகில் கை வைத்தால் போதும். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, மூக்கை அடிக்கடி நக்குவது, முகத்தை மறுபக்கம் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, வாலைக் காலுக்குள் ஒடுக்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளை விலக்கி அதை உடனே விட்டுவிடுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி இந்த வருடத்துக்குப் போடப்பட்டிருக்கிறதா என்று இப்போதே அட்டையைப் பாருங்கள். தற்செயலாகப் பல்லோ நகமோ பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, காயம் பட்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்; வீட்டு நாய்தானே என்று விடக்கூடாது.

ஐந்து பத்து நிமிடத்தில் படம் கிடைத்துவிட்டால் ஜிம்மிக்குச் சாப்பாட்டை வைத்து அனுப்பிவிட்டு, பெரியம்மாவின் படம் உட்பட மற்றப் படங்களை ஆறுதலாக எடுங்கள். ஒரேயடியாக இருக்க மறுத்தாலும் வழி உண்டு. கமராவை முக்காலியில் அசையாமல் பொருத்தி, அளவுகளையும் மாற்றாமல் முதலில் குடும்பத்தை எடுத்துவிட்டு, சற்று நேரத்தில் அதே இடத்தில் அம்மாவையும் ஜிம்மியையும் மட்டும் எடுத்தால் இரண்டையும் கணினியில் இணைத்துவிடலாம். வெளிச்சம் மாறுவதற்குள் இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நாயைத் தனியாக வேறெங்கோ எடுத்து ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. நிழல் விழும் திசை பொருந்தாது, அம்மாவின் கையும் வெறும் காற்றில் நிற்கும். சங்கிலியோடு எடுப்பதும் பிழையில்லை. மெல்லிய கயிற்றில் கட்டி ஒருவர் படத்துக்கு வெளியே நேராகப் பிடித்திருந்தால் பிறகு அதை அழித்துவிடலாம். இந்த வேலைகளுக்குத் தனியாகக் காசு எடுப்பாரா என்பதைப் படப்பிடிப்பாளரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இவ்வளவையும் விளக்கியபிறகும் அவர் மறுத்தால், ஒழுங்காகப் படம் எடுக்கத் தெரிந்த உறவுக்காரப் பெடியன் ஒருவனிடம் நல்ல போனைக் கொடுத்து இதே முறையில் எடுக்கச் சொல்லலாம். பின்னணியை மங்கலாக்கும் தெரிவை மட்டும் அவன் தொடக்கூடாது, அது நாயின் காது நுனியையும் சேர்த்து அழித்துவிடும்.

சுவரில் மாட்டுவதற்குப் பெரிதாக அச்சிடும்போது அவசரப்பட வேண்டாம். போன் திரையில் தெரியும் கறுப்பு, தாளில் விழும்போது இன்னும் இருண்டுவிடும். 12க்கு 18 அங்குலத்தில் அடிப்பதற்கு முன்னர் அதே தாளில் சிறிய பிரதி ஒன்றை அடித்து, அதைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஜிம்மியின் கண்ணும் நெஞ்சு உரோமமும் தெரியாவிட்டால் நிழற்பகுதியை மட்டும் சற்று வெளிச்சமாக்கித் தரும்படி ஸ்ரூடியோவில் கேளுங்கள். மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்கி, ஒரு பிரதியை அண்ணா கனடாவுக்குக் கொண்டுபோகட்டும், மற்றது உங்களிடம் இருக்கட்டும்.